முனியாண்டி அண்ணனின் ரைஃபிள் குறி தவறிய கதை

1

போன மாதம் கோவையிலிருந்து என் கல்லூரித் தோழி பேசினாள். நான் மலேசியா வந்து இருபது வருடம் நிறைந்த நாள் அது. எனக்கே மறந்துபோயிருந்தது, அவள் நினைவு வைத்திருந்தாள்.

"இருபது வருஷமா அந்த ஈப்போவுல என்னதான்டி பண்ணிட்டிருக்கறே? ஒரு கடுதாசி இல்ல, ஒரு கதை இல்ல."

"இந்த வாரம் ஒரு துப்பாக்கிக்கு வைத்தியம் பார்த்தேன்" என்றேன்.

மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. கணவரைக் கூப்பிட்டு, "இவ என்னமோ துப்பாக்கிங்கறா, நீங்க பேசுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்காகவும், வெளிநாடு என்றதும் கண்ணாடிக் கட்டடங்களையும் குளிர்சாதன அறைகளையும் நினைத்துக்கொள்ளும் உங்களுக்காகவும் நடந்ததை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் துப்பாக்கியை நான் ஒருமுறைகூடத் தொடவில்லை. இந்த நாட்டில் உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைத் தொட்டால் அதன் பிறகு எழுதுவதற்கு வசதியான இடத்தில் இருக்கமாட்டார்.

2

நான் சுகந்தி. கோவையில் பம்பு செட் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்தேன். வந்த உருப்படி எத்தனை மைக்ரான் கூட, எத்தனை குறைவு என்று அளந்து, ஆகாததைச் சிவப்புப் பெட்டியில் போடுவது வேலை. கல்யாணமாகி ஈப்போ வந்த பிறகும் தொழிற்பேட்டையில் அதே வேலைதான். பெட்டியின் நிறம்கூட மாறவில்லை.

மாறியது மொழி. வந்த முதல் வாரம் மளிகைக் கடையில் தேங்காய் துருவித் தரச் சொல்லி மலாயில் கேட்டேன். அவர்கள் மொழியில் தேங்காய் 'கெலாப்பா', தலை 'கெப்பாலா'. நான் ஒரு தலையைத் துருவித் தரச் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் பயப்படாமல், "யார் தலை?" என்று கேட்டார். சரி, நம் தமிழாவது கைகொடுக்கும் என்று பார்த்தால், கணவரின் அக்கா பார்வதி வாசலில் நின்று, "காடியில ஏறு, காடியில ஏறு" என்றார். எங்கள் ஊரில் காடி என்றால் புளித்த தண்ணீர். இங்கே அது மோட்டார் கார். பதிலுக்கு நான் அவரை எங்கள் பக்கத்து முறைப்படி "நங்கையா" என்று கூப்பிட்டபோது, அது யாரோ சீனப் பெண்ணின் பெயர் என்று நினைத்து அவர் திரும்பிப் பார்த்தார். அன்று முதல் அவர் எனக்கு அக்கா. அவருடைய கணவர் முனியாண்டி எனக்கு அண்ணன்.

குடிநுழைவு அலுவலகம் தனிக் கதை. என் பெயருக்கு முன்னால் இருக்கும் 'கு' என்ற ஓரெழுத்தை அங்கே யாராலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அதன் பிறகு பல வருடங்கள் ஒவ்வொரு முறை அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கப் போகும்போதும், "குப்புசாமி, நாலாம் முகப்பு" என்று ஒலிபெருக்கி கூப்பிடும். குப்புசாமி என் அப்பா. கோவையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். அவருக்குப் பதிலாக நான் எழுந்து போவேன்.

அந்த அலுவலகத்துக்கு என்னை ஒவ்வொரு தடவையும் காடியில் கூட்டிப்போனவர் முனியாண்டி அண்ணன். கணவருக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் விடுப்பு கிடைக்காது. அண்ணன் காலை ஏழு மணிக்கே வந்து நிற்பார். பிளாஸ்டிக் நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பயப்படாத தங்கச்சி, நாம என்னா திருடவா வந்தோம்?" என்பார். நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டை என் கைக்கு வந்த நாளில் அதை அவர்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். "அலாமாக்! போட்டோவுல நீ கைதி மாதிரி இருக்கே லா" என்று சிரித்தார். அலாமாக் என்றால் ஐயையோ, லா என்பது இந்த ஊர்ப் பேச்சின் வால்.

அதனால், அவர் என்னிடம் ஓர் உதவி கேட்டபோது அது எதுவாக இருந்தாலும் செய்வதாகத்தான் இருந்தேன். துப்பாக்கியாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

3

அண்ணனுக்கு அறுபத்திரண்டு வயது. ஈப்போவிலிருந்து சித்தியவான் போகும் சாலையில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில், நான்கு ஏக்கர், எண்ணெய் தரும் செம்பனையும் ஓரமாக மரவள்ளியும் வைத்திருக்கிறார். அந்தத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, ஊருக்குக் கிளம்பிய மேனேஜர் தன் வேட்டை ரைஃபிளைப் போலீஸ் வழியாக முறைப்படி அண்ணன் பெயருக்கு மாற்றிக்கொடுத்தார்.

இந்தப் பக்கத்தில் உரிமம் உள்ள சிறு விவசாயிகள் வைத்திருப்பது பெரும்பாலும் சன்னம் என்கிற சிறு குண்டுகள் சிதறும் துப்பாக்கி. ரைஃபிள் அபூர்வம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட் என்கிற தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுட வேண்டிய ரகம் அது. மேனேஜரின் பங்களாவைத் தாண்டி வேறெங்கும் பார்க்க முடியாத பொருள், ரப்பர் மரத்தில் பால் எடுத்தவரின் மகனான அண்ணன் வீட்டு இரும்பு அலமாரிக்கு வந்தது. அண்ணன் அதைப் பற்றிப் பெருமை பேசமாட்டார். ஆனால் அலமாரிச் சாவி இடுப்புக் கயிற்றில்தான் இருக்கும், குளிக்கும்போதும்.

காட்டுப்பன்றிகள் அங்கே பெரும் தொல்லை. ஒரே இரவில் முப்பது செம்பனைக் கன்றுகளின் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். அனுமதி வாங்கிப் பன்றி சுடுவதில் அண்ணன்தான் அந்த வட்டாரத்துக்கு நம்பிக்கை. சுற்றியிருந்த மலாய்க்காரர்கள், சீனர்கள், தமிழர்கள் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். ஒரு தோட்டா, ஒரு பன்றி.

தீபாவளியும் மழைக்காலமும் கழிந்த பிறகு அது மாறியது. ஐந்து தோட்டா போனது, பன்றியும் போனது. பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர், "முனியாண்டி சினாப்பாங் இப்ப வாண வேடிக்கைக்குத்தான் லாயக்கு" என்று காப்பிக் கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். சினாப்பாங் என்றால் மலாயில் துப்பாக்கி. உரிமம் புதுப்பிக்கும் மாதம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு காலை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் ஓர் அட்டையை விரித்தார். துப்பாக்கிப் பயிற்சிக் களத்தில் நூறு மீட்டரில் வைத்துச் சுட்ட குறி அட்டை. ஐந்து ஓட்டைகள். ஒன்று மேலே, ஒன்று கீழே, மற்றவை எங்கெங்கோ. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்தால்தான் ஐந்தையும் மூட முடியும்.

"முன்னல்லாம் டீ கிளாஸ் வாய்க்குள்ள அடங்கும் தங்கச்சி. நீ இரும்பு அளக்கறவதானே. இது என்னான்னு பாரு."

என் மகள் இலக்கியா அந்தப் பக்கமாக வந்தவள் அட்டையைப் பார்த்து, ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு, காதில் கருவியோடு அறைக்குப் போய்விட்டாள். வரும் மாதம் சரவாக்கில் படிக்கப் போகிறாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஆங்கிலத்தில் கேட்டால் பதிலே வராது.

"என்ன சொல்லிட்டுப் போறா?" என்று அண்ணன் கேட்டார்.

"குறி மோசமில்லை, குறிக்கோள்தான் இல்லைங்கறா" என்று நானாக மொழிபெயர்த்தேன். உண்மையில் அவள் சொன்னது அவ்வளவு மரியாதையாக இல்லை.

4

எனக்குத் துப்பாக்கி தெரியாது. சிதறல் தெரியும். ஓட்டைகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, மையத்தை விட்டுத் தள்ளி விழுந்திருந்தால் கவலையில்லை. துப்பாக்கியின் மேலுள்ள, குறி பார்க்கும் தொலைநோக்கியை நான்கு திருகு திருகினால் மையத்துக்கு வந்துவிடும். ஓட்டைகள் ஒன்றையொன்று விட்டு ஓடினால் எதுவோ ஆடுகிறது, அல்லது எதுவோ ஒவ்வொரு முறையும் மாறுகிறது. எங்கள் ஆலையில் துளை போடும் இயந்திரம் இப்படிச் செய்தால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது நோய், எது மருந்து என்று கடைசிவரை தெரியாது.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்டேன். எப்போதிலிருந்து? தீபாவளிக்குப் பிறகு. அதற்கு முன் என்ன மாறியது? ஒன்றுமில்லை. கீழே விழுந்ததா? இல்லை. கடைசியாக எப்போது துடைத்தீர்கள்?

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "மழ நாள்ல அலமாரியிலயே கெடந்துச்சு" என்றார். வாரம் தவறாமல் எண்ணெய் போட்டுத் துடைப்பவர் அவர். நான் அதை எழுதிக்கொண்டேன், ஆனால் அந்தக் கேள்விக்கு அவர் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அப்போது யோசிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பயிற்சிக் களத்துக்குப் போனோம். சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. ரைஃபிளை எடுத்துப்போகப் போலீஸ் நிலையத்துக் கடிதம், என்னைப் பார்வையாளராக உள்ளே விட ஒரு படிவம். அதிலும் தந்தை பெயர் கேட்டார்கள். அங்கேயும் கொஞ்ச நேரம் குப்புசாமியாக இருந்தேன்.

துப்பாக்கி பழுது பார்க்க உரிமம் பெற்ற லியோங் எங்களுக்காகக் காத்திருந்தார். அண்ணனின் வயதுக்காரர். அவருடைய அப்பா அதே தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் லியோங்கின் தமிழ் என் மகளின் தமிழை விடப் பல மடங்கு சுத்தம்.

"என்னா மச்சான், பன்னிங்கல்லாம் ஒனக்கு மாலை போடுதுங்களாமே" என்று ஆரம்பித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

தரையில் ஒரு மஞ்சள் கோடு. அதற்குப் பின்னால்தான் நான் நிற்க வேண்டும். அங்கிருந்து நான் சொல்வேன், லியோங் கையால் செய்வார், அண்ணன் சுடுவார். காது மூடி மாட்டியிருந்ததால் எல்லோரும் கத்தினோம்.

முதலில் தோட்டா. அண்ணனின் பெட்டியில் இரண்டு தயாரிப்புகள் கலந்து கிடந்தன. பிரித்து, ஒரே வகையில் ஐந்து சுட்டார். தட்டு கொஞ்சமும் சுருங்கவில்லை.

அடுத்தது தொலைநோக்கி. அதைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் திருகுகள் தளர்ந்திருக்கலாம். கையால் தொட்டுப் பார்க்க முடியாததால், மகளின் நகப்பூச்சைக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு திருகின் தலையிலிருந்து அதன் அடிப்பாகம் வரை ஒரே கோடாக லியோங்கைப் பூசச் சொன்னேன். திருகு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்துவிடும். ஆலையில் தினமும் செய்வது. லியோங் அந்த இளஞ்சிவப்புப் புட்டியைப் பிடித்தபடி, "நாப்பது வருசம் இந்தத் தொழில்ல இருக்கேன், சினாப்பாங்குக்கு மேக்கப் இப்பதான் போடறேன்" என்றார்.

ஐந்து தோட்டா கழித்துப் பார்த்தால், பின்பக்கத் திருகு ஒன்றில் கோடு உடைந்திருந்தது.

"புடிச்சிட்டா!" என்று கத்தினார் லியோங். திருகைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அளவாக இறுக்கினார். மறுபடி ஐந்து. தட்டு, சின்னத் தட்டானது. டீ கிளாஸ் ஆகவில்லை.

மூன்றாவது, மரம். இந்த ரக ரைஃபிளில் இரும்புக் குழாய் மரக்கட்டையின் மேல் உட்கார்ந்தது போலத் தெரியும். ஆனால் முன்பகுதியில் இரண்டும் தொடக் கூடாது என்றார் லியோங். சுடும்போது குழாய் அதிரும். அதிர்வில் மரத்தை இடித்தால் தோட்டாவின் பாதை மாறும். அப்படியானால் நடுவில் காகிதம் நுழைய வேண்டுமே என்று கேட்டேன். லியோங் பேரங்காடி ரசீது ஒன்றைக் குழாய்க்கு அடியில் நுழைத்து இழுத்துவந்தார். பாதி தூரத்தில் நின்றுவிட்டது. ஒரு மழைக்காலம் முழுக்கப் பூட்டிய அலமாரியில் கிடந்து மரம் ஊறி உப்பியிருந்தது.

ரைஃபிள் பத்து நாள் லியோங்கின் பட்டறையில் இருந்தது. உப்பிய இடத்தைத் தேய்த்து, மரத்துக்கு எண்ணெய் ஊட்டி, குழாயின் உள்ளே படிந்திருந்த செம்புக் கறையைப் பச்சைப் பச்சையாகத் துணியில் வரும்வரை துடைத்து, வாயின் விளிம்பில் வடு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். "எல்லாம் கிளியர், டாக்டர்."

அதன் பிறகு வந்த சனிக்கிழமை நம்பிக்கையோடு போனோம். அண்ணன் ஐந்து சுட்டார். மூன்று அருகருகே விழுந்தன. இரண்டு கீழே வலது பக்கம் ஓடியிருந்தன. குழாய் சூடானதால் இருக்குமோ என்று ஒவ்வொரு தோட்டாவுக்கும் பத்து நிமிடம் ஆறவிட்டோம். மறுபடியும் மூன்று அருகே, இரண்டு கீழே வலது பக்கம்.

என் பட்டியலில் எல்லாவற்றையும் அடித்தாகிவிட்டது. தோட்டா, திருகு, மரம், கறை, சூடு. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

லியோங் என் பக்கத்தில் வந்து நின்றார். காது மூடியைக் கழற்றிவிட்டு, அண்ணனுக்குக் கேட்காதபடி சொன்னார். "நான் சுட்டுப் பாக்கவா?"

அவர் படுத்து, நிதானமாக ஐந்து சுட்டார். அட்டையைக் கொண்டுவந்து எங்கள் முன் பிடித்தார். டீ கிளாஸ் என்ன, அதன் அடிப்பாகம் போதும், ஐந்தும் அடங்கிவிட்டன.

5

இருபது வருடத்துக்கும் மேலாக அளவுகளோடு வாழ்கிறேன். இயந்திரத்தில் பிழை இருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டுவேன். என் எதிரில் நிற்கும் ஒரு மனிதரிடம், என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் பயத்தைப் போக்கியவரிடம், பிழை உங்களிடம்தான் என்று எப்படிச் சொல்வது?

லியோங் சொல்லாமலே காட்டினார். "இன்னும் ஒரு அஞ்சு சுடு மச்சான். நான் லோட் பண்ணித் தாரேன்" என்றார். நடுவில் ஒரு வெற்றுத் தோட்டாவை, மருந்தில்லாத போலித் தோட்டாவை, சேர்த்துவிட்டார். அண்ணனுக்குத் தெரியாது. இரண்டு வெடித்தன. மூன்றாவதில் விசையை இழுத்தார். 'டிக்' என்ற சின்னச் சத்தம் மட்டும் வந்தது. வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் மூக்கு, யாரோ தட்டிவிட்டதுபோல, கீழே வலது பக்கம் குனிந்தது. அண்ணனின் கண்கள் இறுக மூடியிருந்தன.

கண்ணைத் திறந்து, அவரும் மூக்கு இருந்த இடத்தைப் பார்த்தார்.

போல்ட்டை இழுத்து, தோட்டாக்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் மஞ்சள் கோட்டைச் சுற்றிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னுங்ணே?"

"நான் ஒரு மனுசன சுடப் பாத்தேன் தங்கச்சி."

தீபாவளிக்குப் பிந்தைய ஒரு காலை. இங்கே விடிய ஏழு மணியாகும். மூடுபனி. பன்றிகள் மரவள்ளியைக் கிளறிப்போட்டிருந்ததால், அண்ணன் ரைஃபிளோடு தோட்டத்துக் காவல் குடிசையின் உயரமான பலகையில் காத்திருந்தார். மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு முதுகு அசைந்தது. மண் கிளறும் சத்தம். தொலைநோக்கியின் குறுக்குக் கோட்டை அந்த முதுகின் முன்பக்கம் வைத்தார். பாதுகாப்புத் தாழை நீக்கினார். விசையில் விரலை வைத்துப் பாதி இழுத்துவிட்டார்.

"அப்ப அந்தப் பன்னி எழுந்து நின்னுச்சு. ரெண்டு கையயும் இடுப்புல வச்சு நெட்டி முறிச்சுச்சு. கைலிய அவுத்துக் கட்டுச்சு." அண்ணன் ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டினார். "இன்னும் கொஞ்சூண்டு தங்கச்சி. ஒரு நூல் அளவு."

அரை மணி நேரம் பலகையிலிருந்து இறங்க முடியவில்லையாம். வீட்டுக்கு வந்து ரைஃபிளை அலமாரியில் வைத்துப் பூட்டியவர், மழைக்காலம் முழுக்கத் திறக்கவே இல்லை. பிறகு, பக்கத்து நிலத்தார் கூப்பிடக் கூப்பிட மறுக்க முடியாமல் எடுத்தபோது எதுவும் படவில்லை. துப்பாக்கிதான் கெட்டுவிட்டது என்று நம்பினார். நம்ப விரும்பினார் என்று நினைக்கிறேன். "பார்வதிகிட்டகூடச் சொல்லல. விசையில வெரல் வச்சா கண்ணு தானா மூடிக்குது லா. நானா மூடல."

லியோங் எதிரே நின்று, காது மூடியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆள் யாருன்னு தெரியுங்களா?" என்று கேட்டேன்.

"தெரியும். பக்கத்துத் தோட்டத்துல செம்பனைக் குலை வெட்டறவன். லொம்போக்லேர்ந்து வந்தவன், யூசுப். ரோட்ல பாக்கறப்பல்லாம் சலாம் வைப்பான். நான் காடிய வெரட்டிட்டுப் போயிடுவேன்."

வேறு நாட்டிலிருந்து அனுமதிச் சீட்டில் வந்து வேலை செய்பவர். ஒவ்வொரு வருடமும் ஏதோவொரு முகப்பில் தன் பெயரைத் தப்பாகக் கூப்பிடக் கேட்டு எழுந்து போகிறவர். எனக்கு அந்த ஒலிபெருக்கிச் சத்தம் காதில் கேட்டது.

"போய்ப் பேசிட்டு வந்துடலாங்ணே" என்றேன். "நானும் வாரேன்."

6

மறுநாள் மதியம் போனோம். யூசுப்பும் இன்னும் சிலரும் பழைய தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில், குடியிருந்தார்கள். அண்ணன் பிறந்த வரிசை அதுதானாம், ஐந்தாவது கதவு. அதை நின்று பார்க்கக்கூட அவருக்கு அன்றைக்கு மனமில்லை. நேராகப் போய் மூன்றாவது கதவைத் தட்டினார்.

யூசுப்புக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லி. எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. நான் ஞாயிற்றுக்கிழமைக் கூடுதல் வேலை முடித்து, ஆலைச் சீருடைச் சட்டையிலேயே போயிருந்தேன். அதிகாரி என்று நினைத்துவிட்டார். அண்ணன் என்னைத் தங்கை என்று அறிமுகப்படுத்திய பிறகுதான் மூச்சு விட்டார்.

அண்ணன் மலாயில், சுற்றி வளைக்காமல், எல்லாவற்றையும் சொன்னார். மூடுபனி, முதுகு, விரல். கடைசியாக மன்னிப்புக் கேட்டார். யூசுப் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பெண் குழந்தையின் படம் ஒட்டியிருந்தது.

"எவ்வளவு தூரத்தில் இருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"அறுபது மீட்டர்."

"தூரம்தானே. ஒருவேளை தவறியிருக்கும், பாக்சிக்." மலாயில் மூத்தவர்களை மாமா என்று கூப்பிடும் சொல் அது.

"தவறியிருக்காது" என்றார் அண்ணன். "அப்போ என் துப்பாக்கி நன்றாக இருந்தது."

பிறகு யூசுப் தொண்டையைக் கனைத்தார்.

"நானும் ஒன்று சொல்ல வேண்டும், பாக்சிக். அன்றைக்கு நான் உங்கள் கிழங்கைத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மட்டும் இல்லை." தலையைச் சொறிந்தார். "நீங்கள் பன்றி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று, பிடுங்கிய இடத்தையெல்லாம் பன்றி மாதிரியே கிளறிவிட்டு வருவேன்."

அண்ணன் அவரை உற்றுப் பார்த்தார். "மூக்கால் கிளறிய மாதிரி நீளமாகக் கோடு இருந்ததே?"

"மண்வெட்டியின் பின்பக்கத்தால், பாக்சிக்."

எந்தக் கணத்தில் சிரிப்பு தொடங்கியது என்று தெரியவில்லை. முதலில் அண்ணனின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். "அந்தக் கோட்ட வச்சு, பெரிய கெடா பன்னி, எம்பது கிலோ தேறும்னு ஊரெல்லாம் சொல்லி வச்சேன் தங்கச்சி!" என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தார். அர்த்தம் புரியாமலே யூசுப்பும் சிரித்தார். அடுத்த கதவுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கிளம்பும்போது யூசுப் கறுப்புக் காப்பி கொடுத்தார். கூடவே அவித்த மரவள்ளிக் கிழங்கும். அது யாருடைய கிழங்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை அண்ணன் களத்தில் ஐந்து சுட்டார். "நடுவுல அந்தப் பொய்த் தோட்டாவையும் எங்கயாச்சும் போடு, எங்கன்னு சொல்லாத" என்று அவரே லியோங்கிடம் கேட்டுக்கொண்டார். நான்காவது இழுப்பில் 'டிக்' என்றது. துப்பாக்கியின் மூக்கு அசையவில்லை. அட்டையில் ஐந்து ஓட்டைகளும் டீ கிளாஸின் வாய்க்குள் அடங்கி இருந்தன. லியோங் சீழ்க்கை அடித்தார். நான் மஞ்சள் கோட்டைத் தாண்டிக் குதித்து, களத்து அதிகாரியிடம் திட்டு வாங்கினேன்.

உரிமம் புதுப்பிக்கும் நாள் வந்தது. காடியில் போகும்போதுதான் அண்ணன் சொன்னார், புதுப்பிக்கப் போகவில்லை, ஒப்படைக்கப் போகிறோம் என்று. முடிவை அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிட்டாராம். அக்கா, "அப்ப அந்த அலமாரில நான் பொடவ வச்சுக்கலாமா?" என்று மட்டும் கேட்டாராம்.

பன்றிகளுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். லூமுட்டிலிருந்து உரிமம் உள்ள இரண்டு பேர் வருவார்கள், தடம் பார்த்துச் சொல்லும் வேலை மட்டும் தன்னுடையது என்றார். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: முதல் நாளே லயத்துக்குப் போய், ஒவ்வொரு கதவாகத் தட்டி, நாளைக் காலை யாரும் தோட்டத்துப் பக்கம் வரவேண்டாம் என்று சொன்ன பிறகுதான் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்க வேண்டும்.

போலீஸ் நிலைய முகப்பில் இளம் மலாய்ப் பெண் அதிகாரி இருந்தார். படிவத்தில் காரணம் என்ற கட்டத்தைக் காட்டினார்.

"பழுதா?"

"இல்லை. நன்றாகச் சுடும்" என்று அண்ணன் அந்த அட்டையை எடுத்து முன்னால் வைத்தார்.

அவர் ஐந்து ஓட்டைகளையும் பார்த்தார். "இவ்வளவு நன்றாகச் சுடுகிறதே, ஏன் கொடுக்கிறீர்கள்?"

அண்ணன் பதிலை மலாயில் சொல்லிப் பார்த்தார், வரவில்லை போலிருக்கிறது. என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "படாம போனப்பவே குடுத்திருந்தா, தோத்துப் போய்க் குடுத்த மாதிரி இருக்கும் தங்கச்சி. இப்ப நானா குடுக்கறேன் லா. அதச் சொல்லு."

என் மலாயில் அதைச் சொன்னேன். என்னவாக வந்து சேர்ந்ததோ, அதிகாரி புன்னகைத்து, கட்டத்தில் 'வயது' என்று எழுதினார். முத்திரை குத்தினார். ரைஃபிளின் எண்ணை இரண்டு முறை சரிபார்த்து உள்ளே அனுப்பினார். பிறகு எல்லாக் காகிதங்களையும் அடுக்கினார். நாங்கள் கவனிப்பதற்குள், அடுக்கோடு சேர்த்துக் குறி அட்டையையும், கோப்பில் கோக்க இரட்டைத் துளையிடும் கருவியில் வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டார்.

"அம்மணி, அது என்னுடையது!" என்று அண்ணன் பதறி எழுந்தார்.

மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தார் அந்தப் பெண். இப்போது அது அண்ணன் வீட்டு முன்னறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் நடுவில் உள்ள ஐந்தைப் பாராட்டிவிட்டு, ஓரத்தில் ஒரே வரிசையில் அச்சடித்ததுபோல் இருக்கும் அந்த இரண்டையும் காட்டி, "இது இன்னும் பிரமாதம் லா" என்கிறார்கள். அது தன்னுடையது இல்லை என்று அண்ணன் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்கிறார்.